பறிப்புத் துப்பாக்கி

2024 அக்டோபர் 5, சனி, காலை 10.40

துப்பாக்கி ஒன்று. குழல் இரண்டு. தோட்டா பதினொன்று.

மதுரையில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மொய்தீன் பாய் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பிவிட்டு, "எண்ணிக்கை சரியா இருக்கா பாத்துக்கங்க தம்பி" என்றார். எண்ணிக்கை சரி. வேறு எதுவும் சரியில்லை. தோட்டாக்கள் காகித உறை போட்டவை. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் உறைதான். பாதி ஈரத்தில் ஊதியிருக்கின்றன. அப்பா எந்தக் காலத்தில் வாங்கினாரோ.

இது இங்கே வந்த கதை: தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்பா மார்ச்சில் கொண்டுபோய் வைத்தார். மே மாதம் மாரடைப்பில் இறந்தார். தேர்தல் முடிந்து மற்றவர்கள் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எங்களுடையதை வாங்க ஆளில்லை. இறந்தவர் பெயரில் உள்ளதை யாரிடமும் தரமாட்டார்கள். அங்கிருந்து இந்தக் கடையின் பாதுகாப்பு அறைக்கு வந்திருக்கிறது.

இனி மூன்று வழி. வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்கலாம். ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள யாருக்காவது கொடுத்துவிடலாம். இல்லையென்றால் அரசிடம் ஒப்படைத்து வெட்டிப் போடச் சொல்லலாம். எனக்கு மூன்றாவது வழி போதும். நேரம் மிச்சம். எனக்குத் திருச்சியில் கொதிகலன் பற்றவைப்புகளைச் சோதிக்கும் வேலை. மாதம் முழுக்க அலைய முடியாது.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"வெட்டவா?" என்றாள். "நீ பாத்துட்டு மட்டும் வா. வெட்டுறது கிட்டுறதெல்லாம் பேசாத. அது வீட்டுக்கு வரணும்."

"எதுக்கும்மா?"

"வரணும்."

இதற்கு மேல் அம்மாவிடம் வாதாடிப் பயனில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

வைரவன் மாமா விடாமல் கூப்பிடுகிறார். எடுக்கவில்லை.

அக்டோபர் 12, சனி

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு பொருளைச் சோதிக்காமல் வெட்டச் சொல்வது என் தொழிலுக்கு அழகில்லை. கருவிப் பையோடு மறுபடி மதுரை.

முதலில் துப்பாக்கி காலியா என்று பார்க்க வேண்டும். பாய் காலி என்றார். யார் சொன்னாலும் நம்பக் கூடாது. மடக்கித் திறந்து பார்த்தேன். பின்வாயில் இரண்டு பக்கமும் விரலை விட்டும் பார்த்தேன். குழல்வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். விசையைத் தொடவில்லை.

வெளியே தெரிகிற மாதிரி இரண்டு சுத்தியல்கள். எங்கள் பக்கம் குதிரை என்பார்கள். குதிரை வெளியே இருந்தால் அநேகமாக நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. மேல்பட்டையில் லண்டன் என்று பொறித்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கதையும் அதுதான்: லண்டனில் செய்தது, மலையைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரை தாத்தாவுக்கு அன்பாகக் கொடுத்தது.

குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைத் திருப்பினேன். உண்மை அங்கேதான் இருக்கும். நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்று மூன்று எழுத்து. பெல்ஜியத்தில் லியேஜ் என்ற ஊரின் சோதனை முத்திரை. லண்டன் என்று போட்டால் விலை போகும் என்று மேலே போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பல பேர் செய்ததுதான். அந்தக் காலத்துப் புகை கக்கும் வெடிமருந்தான கரிமருந்துக்குச் சோதித்த முத்திரை உண்டு. இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை இல்லை. இந்த ஒரு வரி போதும், என் முடிவு சரி.

குழல் முழுக்க நீரலை மாதிரி வரிகள். பாய் டார்ச் அடித்துக் காட்டி, "இந்த டிசைனு இப்ப வராது தம்பி. ஷோகேஸ்ல வச்சா ஜம்முனு இருக்கும்" என்றார். அது டிசைன் இல்லை. இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, கம்பிமேல் சுற்றி, அடித்து ஒட்டியது. தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரே ஒட்டு. எங்கள் ஆலையில் இப்படி ஒரு குழாய் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். நூறு வருஷத்து ஈரம் எந்த ஒட்டுக்குள் புகுந்திருக்கிறது என்று எந்தக் கருவியும் சொல்லாது. ஒலி அலைக் கருவியை வைத்தேன். உளறியது.

நூலில் கட்டித் தொங்கவிட்டு மரத்துண்டால் தட்டினேன். நல்ல குழல் மணிபோல் இழுத்து ஒலிக்க வேண்டும். இது பாதியில் செத்தது. இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கும் நடுப்பட்டை எங்கோ விட்டிருக்கிறது.

கடைசியாக வெளிச்சத்தைப் பார்த்துக் குழலுக்குள் கண் வைத்தேன். வலது பரவாயில்லை, துருக்குழிதான். இடதில் பாதி தூரத்தில் ஒரு கறுப்பு வளையம். வெளியே தடவினால் அதே இடத்தில் கட்டைவிரலில் தட்டுகிறது. வீக்கம். எப்போதோ ஒரு தோட்டா இதைப் பிளக்கப் பார்த்திருக்கிறது. பிளக்கவில்லை. இடது கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால்.

கட்டையில் தேங்காய் எண்ணெய் வாசனை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பனியன் துணியால் இதைத் துடைப்பார். ரேடியோ ஓடும். கால்மாட்டில் நாய் படுத்திருக்கும். துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் தப்பு. பிசின் கட்டும். அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது கையில் அந்த வாசனைதான். வத்தலக்குண்டில் இறங்கி டீ குடித்தேன். கை கழுவவில்லை, தண்ணீர் அழுக்காக இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

தோட்டம். தாண்டிக்குடிக்கு மேலே மழை கொட்டுகிறது. காப்பி பழுக்க ஆரம்பித்துவிட்டது. அம்மா இளைத்திருக்கிறாள், கேட்டால் இல்லை என்கிறாள்.

வைரவன் மாமா ஜீப்பில் வந்துவிட்டார். அம்மாவின் அண்ணன். அடுத்த மலையில் அவர் தோட்டம். அவருக்குச் சொந்தமாக லைசென்ஸும் துப்பாக்கியும் உண்டு.

"என்ன இன்ஜினியரு, தோசம் கண்டுபிடிச்சிட்டியா?"

"இடது குழல் வீங்கியிருக்கு மாமா. இப்ப விக்கிற தோட்டாவப் போட்டா பிளந்துரும்."

"மச்சான் வருசா வருசம் சுட்டாரு. போன வருசம் நானும் களத்துலதான் நின்னேன். அவருக்குப் பிளக்கல. எனக்கு மட்டும் பிளக்குமோ?"

நியாயமான கேள்வி. அதுதான் எரிச்சல்.

மாமாவின் திட்டம் இது. அம்மாவும் நானும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுத்தால் துப்பாக்கியைத் தன் லைசென்ஸில் ஏற்றிக்கொள்வார். அலுவலகத்தில் ஆள் தெரியுமாம், பறிப்புக்குள் முடித்துவிடுவாராம். பறிப்பு தொடங்கும் காலையில் தானே சுடுவார்.

இதை எழுதிவைக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் பறிப்பு முதல் நாள் அப்பா காயப்போடும் களத்தில் நின்று வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுடுவார். பிறகுதான் பெண்கள் இடுப்பில் கூடையைக் கட்டுவார்கள். தாத்தா காலத்து வழக்கம். பன்றியை விரட்டச் சுட்டது பழகிப்போய் அப்படியே நின்றுவிட்டதாக அப்பா சொல்வார்.

"மாமா, உங்க துப்பாக்கியிலயே சுடுங்களேன்" என்றேன்.

"அது என் துப்பாக்கி. இந்த வீட்டுச் சத்தம் இந்தத் துப்பாக்கியிலதான் வரணும். மச்சான் போன மொத வருசம். சத்தமில்லாம விடச் சொல்றியா?"

அம்மா காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "அண்ணே, அது உங்க வீட்டுக்கும் வேணாம், வெட்டவும் வேணாம்."

"அப்புறம் என்னதான் செய்யணுங்கிற தனம்?"

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

திருச்சி. ஆலையில் மின்தடை. உட்கார்ந்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

பறிப்புக் காலையை நான் கடைசியாக நேரில் பார்த்தது ஏழாம் வகுப்பில். அதற்குப் பிறகு விடுதி, கல்லூரி, வேலை. நவம்பரில் எப்போதும் ஏதாவது தேர்வு வந்துவிடும்.

பனி இருக்கும். பெண்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டு வரிசையாக நிற்பார்கள். வெற்றிலை வாசனை. அப்பா கால்சட்டைக்குள் சட்டையைச் செருகி, அன்றைக்கு மட்டும் ஷூ போட்டு, நடுக்களத்தில் நிற்பார். குதிரையை இழுத்து, துப்பாக்கியைத் தூக்கி, அப்படியே நிற்பார். வெகுநேரம். குறி பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வானத்தில் என்ன குறி. பிறகு டமார். தோள் பின்னால் போகும். எதிர்மலை அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும். மறுபடி நிற்பார். மறுபடி டமார். நான் கண்ணை மூடிக் காதைப் பொத்திக்கொண்டிருப்பேன். அம்மா ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. அவளுக்குச் சத்தம் ஆகாது என்று அப்பா சொல்வார்.

மின்சாரம் வந்துவிட்டது.

அக்டோபர் 19, சனி

மதுரை. முழு அளவும் எடுத்து எழுத்தில் கொடுத்தால் மாமா வாயை மூடுவார் என்று போனேன்.

தோட்டா உட்காரும் அறையின் நீளம் அறுபத்தைந்து மில்லிமீட்டர். இப்போது விற்கிற தோட்டா வெடித்து விரிந்தால் எழுபது. விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். வீங்கிய இடத்தில் இரும்பு காகிதம்தான். இடுக்கி அளவுகோல் காட்டிய எண்ணைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன், இங்கே வேண்டாம், பார்த்தாலே கோபம் வருகிறது.

பிறகு பென்சில் சோதனை. காலித் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, ரப்பர் முனை கீழே இருக்கும்படி ஒரு பென்சிலைக் குழலுக்குள் விட வேண்டும். விசையை இழுத்தால், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி தட்டிப் பென்சில் துள்ளும். பாயிடம் கேட்டுவிட்டுச் செய்தேன்.

துள்ளவில்லை. வலது, இடது, இரண்டும்.

ஊசிகளைக் கழற்றினேன். இரண்டின் நுனியும் தட்டையாக இருந்தது. தேய்மானம் என்றால் உருண்டு தேயும். இதில் அரத்தின் வரி தெரிகிறது. ஒழுங்காக அராவி, உப்புத்தாள் போட்டுத் துடைத்த வேலை. வரிகளுக்குள் துரு. பழைய துரு.

"ஸ்டேஷன்ல எவனாச்சும் கை வச்சிருப்பான்" என்றார் பாய்.

"ஏழு மாசத்துல இந்தத் துரு ஏறாது."

"என்னமோ. ஊசி ரெண்டு மாத்தினா போதும் தம்பி, அரைமணி வேலை. உங்க மாமாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன், ஊசி தேஞ்சிருக்கு, மாத்திக்கலாம்னு."

நன்றாகச் செய்தார்.

ஆகவே இந்தத் துப்பாக்கி பல வருஷமாகச் சுட்டதே இல்லை. அப்படியானால் நவம்பரில் கேட்ட சத்தம் எது? தெரியவில்லை. பசிக்கிறது. சாப்பிடப் போகிறேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

பறிப்பு நவம்பர் 11, திங்கள் என்று முடிவு. மாமா ஆட்சேபணை இல்லைக் கடிதத்தை டைப் செய்து போனில் அனுப்பியிருக்கிறார். இரண்டு கையெழுத்துக்கு இடம். என் பெயரில் எழுத்துப்பிழை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எங்களுக்குத் துக்க வருஷம். புதுத்துணி இல்லை, எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. கீழே ஊரில் வெடிச்சத்தம் விடாமல் கேட்கிறது.

சமையலறையில் தீப்பெட்டி தேடினேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பெரிய வெடி, சணல் சுற்றிய ரகம். கையில் பிடித்தாலே கனம்.

"என்னம்மா இது? இந்த வருசத்துலயா?"

"தீபாவளிக்கு இல்ல."

"பின்ன?"

"குரங்கு வருது."

"குரங்குக்கு இவ்வளவு பெருசா?"

"பெரிய குரங்கு" என்று பொட்டலத்தை வாங்கி மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

நனைந்தால் கெட்டுவிடும் என்று மேல் அலமாரிக்கு மாற்றினேன்.

நவம்பர் 10, ஞாயிறு

மாமா மத்தியானம் வந்தார். இந்தத் தடவை கடிதம் அச்சில், பேனாவோடு.

"நாளைக்குத் துப்பாக்கி வராது, சரி. அடுத்த வருசத்துக்காச்சும் ஆகட்டும். போடு."

போடமாட்டேன் என்றேன். அளவெல்லாம் சொன்னேன். பிளந்தால் முதலில் போவது இடது கை என்றேன். அவர் கேட்கவில்லை.

"பயந்தாங்கொள்ளி. உங்கப்பா கையில எத்தன வருசம் முழங்குச்சு, அது பொய்யா?"

"பொய்யோ நெசமோ, உங்களுக்கு விரலு வேணும் மாமா. சீட்டு ஆட ஆகும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தை வாங்கிக் கிழித்தேன். அது அதிகப்படி என்று இப்போது தோன்றுகிறது. மாமா எழுந்தார். "நாளைக்கு எழவு வீடு மாதிரி வாயப் பொத்திட்டுப் பறிங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்தார்.

அம்மா களத்தில் கூடைக் கயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுந்ததை முடிந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஊசிய அராவினது யாரும்மா?" என்றேன்.

"உங்கப்பாதான்."

எப்போது கேட்பேன் என்று காத்திருந்ததுபோலச் சொன்னாள்.

"உனக்கு அஞ்சு வயசு. பறிப்பன்னைக்கு அவர் தோள்ல உக்காருவேன்னு ஒரே அடம். தூக்கி வச்சுக்கிட்டே சுட்டாரு. ரெண்டாவது வெடி வேற மாதிரி வந்துச்சு. கொழா வீங்கிருச்சு. துப்பாக்கியக் கீழ போட்டுட்டு உன் கண்ண, காத, தலையத் தடவித் தடவிப் பாக்குறாரு. உனக்கு ஒண்ணும் இல்ல. நீ என்னடான்னா, இன்னொண்ணு சுடுங்கப்பாங்கிற. அன்னைக்கு அவர் சோறு திங்கல. மறுநாள் அரத்தத் தூக்கிட்டு உக்காந்துட்டாரு."

"அப்பவே ஒப்படைச்சிருக்கலாமே."

"தாத்தா உசுரோட இருந்தாரு. அவர்ட்டப் போயி உங்க துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னு யாரு சொல்றது? மறுவருசம் பறிப்பு வந்துருச்சு. இந்த ஒரு வருசம் சமாளிச்சுருவோம் தனம்னாரு. நான் காப்பி மூட்டை போடுற ஸ்டோருக்குப் பின்னால நின்னு வெடி வச்சேன். அவரு முன்னால நின்னு தோளக் குலுக்கினாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குறி பார்த்ததல்ல. திரி எரிந்து முடியக் காத்து நின்றிருக்கிறார்.

"தாத்தா போனப்புறமும் ஏன்?"

அம்மா சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். "அதுக்குள்ள எங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. காலையில எந்திரிச்சதும் ரெண்டு பேரும் களவாணிங்க மாதிரி கண்ணக் காட்டிக்குவோம். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு விடணும், ஈரமா இருந்தா என்ன பண்ணணும், எல்லாம் பேசிவச்சுச் செய்வோம். ஒரு வருசம் எனக்குச் சிரிப்பு வந்து ரெண்டாவது வெடியக் கொளுத்தவே முடியல. அவரு துப்பாக்கியத் தூக்கினபடி நிக்கிறாரு பாவம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"கூடை கட்டுறவங்க எல்லாத்துக்கும். பெருமாயிதான் ஊதுபத்தி பத்தவச்சுத் தருவா. உன் மாமாவுக்குத்தான் தெரியாது."

"எனக்கும்தான்."

"நீ எங்க இருந்த?"

ஸ்டோருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு தட்டைக் கல். நடுவில் கரி, வருஷக்கணக்காகப் படிந்தது. அளவு எடுக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

மழை விடிய நின்றது. பனி. பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள்.

வெடியை நான் வைக்கிறேன் என்றேன். அம்மா விடவில்லை. "அது என் வேல. நீ முன்னால போய் நில்லு."

"கையில என்ன வச்சுக்கிட்டு?"

"ஒண்ணும் வேணாம். நில்லு."

நடுக்களத்தில் வெறுங்கையோடு நின்றேன். இந்த மாதிரி முட்டாள்தனமாக நான் எங்கேயும் நின்றதில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், எனக்குப் பார்க்க வானம்தான் இருந்தது. பார்த்தேன். வெகுநேரம். கண்ணை மூடவில்லை.

டமார். எதிர்மலை திருப்பிக் கொடுத்தது.

இரண்டாவது வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஸ்டோர் மூலையில் அம்மா குனிந்து ஊதுபத்தியை ஊதிக்கொண்டிருந்தாள். திரி நனைந்திருக்கிறது. நான் காலெடுத்தேன். அங்கேயே நில் என்று கையைக் காட்டினாள். குனிந்தாள். சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஐந்தாறு அடி வைப்பதற்குள் டமார்.

பெண்கள் கூடையைக் கட்டினார்கள்.

வளைவிலிருந்து ஜீப் ஏறிவந்தது. மாமா, வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டார். "யார்றா சுட்டது? மதுரையில இருந்து எப்ப எடுத்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அம்மா மூச்சு வாங்க வந்து நின்றாள். கையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"துப்பாக்கி இன்னும் வரலண்ணே."

மாமா என் கையைப் பார்த்தார். ஊதுபத்தியைப் பார்த்தார். ஸ்டோருக்குப் பின்னால் எழும்பிய புகையைப் பார்த்தார்.

"எத்தன வருசமா?"

பெருமாயி கூடையை இறுக்கிக்கொண்டே, "சாருக்கு இன்னைக்குத்தான் விடியுது" என்றாள்.

மாமா போய் ஜீப்பில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்தார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இறங்கிவந்து, "மச்சான் என்னை எப்படி ஏமாத்தியிருக்காரு பாரு" என்று என் தோளில் கை வைத்தார். டீ கேட்டார்.

செய்ய வேண்டியவை:

1. சனிக்கிழமை மதுரை. ஊசிகளை யாரும் மாற்றக் கூடாது என்று பாயிடம் எழுதிக் கையெழுத்து வாங்குவது.

2. சோதனை அறிக்கை. கரிமருந்துக் காலத்துக் குழல், இடது குழல் வீக்கம், எந்தத் தோட்டாவும் போடத் தகாதது. கீழே என் கையெழுத்து.

3. வாரிசு விண்ணப்பம். என் பெயரில் இல்லை, அம்மா பெயரில். இருபது வருஷமாகச் சுட்டது அவள்.

4. அதிகாரி எதற்குத் துப்பாக்கி என்று கேட்டால் என்ன சொல்வது என்று அம்மாவோடு உட்கார்ந்து யோசிப்பது. குரங்கு என்று சொல்ல விடக் கூடாது.

5. அடுத்த வருஷ நவம்பர் விடுப்புக்கு இப்போதே எழுதிப்போடுவது.

6. வத்தலக்குண்டு வெடிக்கடையில் நீளத் திரி கிடைக்குமா என்று கேட்பது. அம்மாவுக்கு ஐம்பத்தேழு ஆகிறது. ஓட்டம் குறைந்துவிட்டது.